கடல் பயணத்தில் இ-ரீடர்: குறைந்த செலவில் இணையம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022ஆம் ஆண்டில் கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியது. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று ஆரம்பித்து, 2023இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரைக்கும் போனது. ராயபுரம், தண்டையார்பேட்டை, மண்ணடிக்காரர்களுக்குக் கப்பலேறும் இடம் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம்தான். சிங்கப்பூர் போய் அங்கிருந்து பெரிய கப்பல் பிடிப்பவர்களும் இங்கே நிறையப் பேர். எல்லோரும் கேட்பது இதைத்தான்: கப்பல் வைஃபைக்குக் கொட்டிக்கொடுக்காமல், கையில் இருக்கும் கிண்டில், கோபோ போன்ற இ-ரீடரை (மின்நூல் படிக்கும் கருவியை) வைத்துச் சமாளிக்க முடியுமா? ஓரளவு முடியும். எந்த அளவு என்பதைக் கீழே பார்க்கலாம்.

கிண்டிலில் உலகம் முழுக்க இலவச இணையம் என்று சொன்னார்களே, அது இன்னும் இருக்கிறதா?

இல்லை. அதை நம்பிப் பழைய கிண்டில் வாங்காதீர்கள்.

2010இல் வந்த கிண்டில் கீபோர்ட் 3ஜி மாடலில் சிம் உள்ளேயே இருந்தது. டேட்டா செலவை அமேசான் ஏற்றுக்கொண்டது. அதில் சோதனை முயற்சியாக ஒரு பிரவுசரும் இருந்ததால், 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இறங்கிய இடத்திலேயே பைசா செலவில்லாமல் மெயில் பார்க்க முடிந்தது. கப்பல் பயணிகள் மத்தியில் இதன் பெயர் பரவியது அதனால்தான். 2011இல் வந்த கிண்டில் டச் 3ஜியிலேயே இந்த வசதியை அமேசான் கடைக்கும் விக்கிப்பீடியாவுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். 2012இல் கீபோர்ட் மாடலுக்கும் மாதம் 50 எம்பி என்று வரம்பு வந்தது.

அதன் பிறகு 3ஜி நெட்வொர்க்குகளே மூடப்பட்டன. ஏர்டெல் இந்தியாவில் 3ஜியை 2020இல் நிறுத்தியது. ஜியோவில் 3ஜி இருந்ததே இல்லை. மலேசியாவில் 2021 இறுதியிலும், அமெரிக்காவில் 2022இலும், சிங்கப்பூரில் 2024இலும் 3ஜி போய்விட்டது. ஆக, கப்பல் நிற்கும் துறைமுகங்களில் பெரும்பாலானவற்றில் அந்த சிம் பேசுவதற்கு டவரே இல்லை. இன்று அந்த மாடலில் மிச்சம் இருப்பது வைஃபை மட்டும். கிண்டில் முதல் இரண்டு தலைமுறைகளிலும் டிஎக்ஸிலும் வைஃபையும் கிடையாது.

3ஜி நன்றாக இருந்த காலத்தில் நடுக்கடலில் வேலை செய்ததா?

அப்போதும் இல்லை. வேலை செய்தது துறைமுகத்திலும் கரையோரத்திலும்தான். காரணம், பூமியின் வளைவு.

டவரும் கருவியும் ஒன்றையொன்று 'பார்க்கும்' தூரத்தைக் கணக்கிட ஒரு வாய்ப்பாடு உண்டு: இரண்டின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 30 மீட்டர் டவர், 20 மீட்டர் உயரக் கப்பல் மேல்தளம் என்றால் ஏறக்குறைய 41 கிலோமீட்டர். காசிமேட்டு ஃபைபர் படகில் நிற்பவருக்கு, கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் என்று வைத்தால், 28 கிலோமீட்டர்தான். கரையில் டவர் ஆன்டெனாக்களைத் தெருவைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பதால் நடைமுறையில் இரண்டுமே இன்னும் குறையும். 2ஜி சிக்னலுக்கு வேறொரு கட்டுப்பாடும் இருக்கிறது: டவரிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல் போனால் சிக்னல் போய்வரும் நேரக் கணக்கு ஒத்துவராமல் இணைப்பு விட்டுப்போகும்.

கப்பலின் 15 நாட் வேகம் என்பது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். துறைமுகச் சுவரைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கரை சிக்னல் போய்விடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை அதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுங்கள்.

அப்படியானால் இ-ரீடரால் இப்போது என்னதான் மிச்சம்?

மூன்று வழியில் பணம் மிச்சமாகிறது.

முதலாவது, படிப்பதற்காக இணையம் தேவைப்படாமல் போவது. பயணத்தில் டேட்டாவின் பெரும்பங்கு பொழுதுபோக்குக்குத்தான் போகிறது. அந்தப் பொழுதை ஏற்கெனவே ஏற்றிவைத்த புத்தகமும் செய்தித்தாளும் எடுத்துக்கொண்டால், ஐந்து நாளுக்கு வாங்க வேண்டிய பேக்கேஜ் ஒரு நாளோடு நிற்கும். எங்கள் கணக்கில் உண்மையான சேமிப்பு இதுதான். மற்ற இரண்டும் சில்லறை.

இரண்டாவது, கரையில் நிற்கும் சில மணி நேரத்தில் கிடைக்கும் வைஃபையில் வேண்டியதை இறக்கிக்கொண்டு, கடலில் படிப்பது. மூன்றாவது, ஒரு சாதனத்துக்கான பேக்கேஜை போனுக்கும் இ-ரீடருக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது.

கப்பலில் இணையம் ஏன் இவ்வளவு விலை?

எல்லாம் செயற்கைக்கோள் வழியாக வருவதால். பழைய முறையில் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். ஒரு கேள்வி போய் பதில் வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். 2022இலிருந்து ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற நிறுவனங்கள் ஸ்டார்லிங்க் என்ற புதிய செயற்கைக்கோள் இணையத்துக்கு மாறின. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான், ஆகவே தாமதம் மிகக் குறைவு. வேகம் கூடியது, விலை குறையவில்லை. பெரிய கப்பல்களில் ஒரு சாதனத்துக்கு நாளொன்றுக்கு 15 முதல் 30 டாலர் வரை கேட்கிறார்கள். கப்பலேறும் முன்பே ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும்.

இ-ரீடரைக் கப்பல் வைஃபையில் இணைப்பது எப்படி?

1. ஏரோப்ளேன் மோடை அணையுங்கள். செட்டிங்ஸில் வைஃபை பட்டியலைத் திறந்து கப்பலின் நெட்வொர்க்கைத் தொடுங்கள். பெரும்பாலும் பாஸ்வேர்ட் இருக்காது.
2. லாகின் பக்கம் தானாகத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் பிரவுசரை நீங்களே திறங்கள். புதிய கிண்டிலில் முகப்பின் மூன்று புள்ளி மெனுவில் வெப் பிரவுசர் இருக்கும். கிண்டில் கீபோர்டில் ஹோம், மெனு, எக்ஸ்பெரிமென்டல், லாஞ்ச் பிரவுசர் என்று போக வேண்டும். கோபோவில் பீட்டா ஃபீச்சர்ஸ் என்ற பகுதிக்குள் இருக்கும்.
3. அறை எண், பெயர் அல்லது பேக்கேஜ் பாஸ்வேர்டைத் தட்டுங்கள். கீபோர்ட் மாடலில் எண்களுக்குத் தனி வரிசை இல்லை. ஆல்ட் விசையோடு மேல்வரிசை எழுத்துகளை இடமிருந்து வலமாக அழுத்தினால் 1 முதல் 0 வரை வரும்.
4. வேலை முடிந்ததும் லாகவுட் செய்யுங்கள். மூடியை மூடுவது லாகவுட் ஆகாது. லாகவுட் முகவரியை லாகின் செய்யும் முன்பே புக்மார்க் செய்துவைப்பது நல்லது.

இணைத்தவுடன் கவனிக்க வேண்டிய ஒன்று: கிண்டில் வைஃபை கிடைத்ததும் மென்பொருள் அப்டேட்டைத் தானாக இறக்கப் பார்க்கும். அது சில நூறு எம்பி இருக்கலாம். நிமிடக் கணக்கு அல்லது எம்பி கணக்கு பேக்கேஜில் இது பெரிய நட்டம். ஊரிலேயே அப்டேட்டை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வைஃபை இணைந்துவிட்டது, லாகின் பக்கம் மட்டும் வரவில்லை. ஏன்?

மிகுதியாக வரும் புகார் இதுதான். காரணங்கள் நான்கு.

பாதுகாப்பான இணைப்புள்ள தளத்தைத் திறக்க முயன்றால், கப்பலின் கணினி குறுக்கே புகுந்து லாகின் பக்கத்தைக் காட்ட முடியாது. அந்தப் பாதுகாப்பு (எஸ்எஸ்எல்) இல்லாத தளம் ஒன்றைத் திறக்க வேண்டும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் இதற்காகவே நடத்தப்படுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் அணைந்திருக்கலாம். வேகத்துக்காக அணைத்திருப்பீர்கள், லாகின் பக்கத்துக்கு அது தேவை. உள்ளே போனபின் மறுபடி அணைத்துக்கொள்ளலாம்.

கடிகாரம் தவறாக இருக்கலாம். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த கருவியில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது, பாதுகாப்பான பக்கம் ஒன்றும் திறக்காது. யாரும் நினைத்துப் பார்க்காத காரணம், ஆனால் சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆகும்.

நான்காவது, பிரவுசரே பழையது. 2016 மார்ச்சில் அமேசான் கட்டாயமாக்கிய அப்டேட்டைப் போடாத பழைய கிண்டில்கள் அமேசானோடேயே பேசாது. அப்டேட்டை யூஎஸ்பி வழியாகப் போடலாம். போட்டாலும் கீபோர்ட் மாடலில் இன்றைய லாகின் பக்கங்கள் எல்லாம் திறக்கும் என்று சொல்ல முடியாது.

நான்கும் இல்லையென்றால், செட்டிங்ஸில் கருவி விவரத்துக்குள் இருக்கும் மேக் முகவரியை (கருவிக்கே உரிய வைஃபை அடையாள எண்ணை) எழுதிக்கொண்டு கப்பலின் இணைய மேசைக்குப் போங்கள். அதைப் பதிந்து நேரடியாக அனுமதி கொடுக்கும் வசதி சில கப்பல்களில் உண்டு.

வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லை.

பழைய இ-ரீடர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும். 2021இல் வந்த கிண்டில் பேப்பர்ஒயிட் மாடல் முதல் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிறது. உங்கள் அறையில் 5 மட்டும் வந்தால் பழைய கருவிக்குத் தெரியாது. பொதுக்கூடம், நூலகம் பக்கம் போய்ப் பாருங்கள். போன் ஹாட்ஸ்பாட்டிலும் இதே சிக்கல்தான். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பேண்டை 2.4க்கு மாற்றுங்கள், ஐபோனில் மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டியைப் போடுங்கள். ஹாட்ஸ்பாட்டின் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 என்றிருந்தால் டபிள்யூபிஏ2க்கு இறக்குங்கள்.

ஒரு சாதன பேக்கேஜில் போன், கிண்டில் இரண்டையும் ஓட்டலாமா?

ஒரே நேரத்தில் முடியாது, மாற்றி மாற்றி முடியும். பெரும்பாலான கப்பல்களில் கணக்கு உங்களுடையது, சாதனம் எதுவானாலும் சரி. போனில் லாகவுட் செய்துவிட்டுக் கிண்டிலில் லாகின் செய்யலாம். வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியை மட்டும் மேசையில் கேட்டுவிடுங்கள்: சாதனத்தை மாற்றிக்கொள்ளலாமா? நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு பேக்கேஜ் வாங்குவதற்கும் ஒன்று வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இ-ரீடர் பிரவுசரில் எந்தத் தளங்கள் திறக்கும்?

எழுத்து மட்டும் உள்ளவை. விக்கிப்பீடியாவின் மொபைல் பக்கம், சிஎன்என் லைட், என்பிஆரின் எழுத்துப் பதிப்பு, டக்டக்கோவின் லைட் தேடல், வானிலைப் பக்கங்கள் சில. கூகுள் தேடல் 2025இலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் ஓடாது. ஆகவே டக்டக்கோ லைட்டை முகப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலை நம்பாதீர்கள். இ-ரீடர்களில் மெயில் பார்க்க உதவிய எளிய எச்டிஎம்எல் பார்வையை கூகுள் 2024இல் எடுத்துவிட்டது. மெயிலும் வாட்ஸ்அப்பும் வேண்டுமென்றால் அதைப் போனில் பார்ப்பதே புத்தி. ஆண்ட்ராய்டில் ஓடும் ஓனிக்ஸ் பூக்ஸ் வகை இ-ரீடர்கள் மட்டும் விதிவிலக்கு; அவற்றில் சாதாரண ஆப்களைப் போட்டுக்கொள்ளலாம், கப்பலின் சொந்த ஆப் உட்பட.

பேங்க் வேலையை எந்த இ-ரீடரிலும் செய்யாதீர்கள். பிரவுசர் பழையது, பாதுகாப்பும் பழையது. அதோடு, கடலில் உங்கள் போனுக்கு ஓடிபி வராது. மின்கட்டணம், இஎம்ஐ எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே கட்டிவிடுங்கள்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

கிண்டில் கீபோர்டில் தமிழ் எழுத்துரு கிடையாது. அமேசான் தமிழ் மின்நூல்களை விற்கத் தொடங்கியதே 2016 டிசம்பரில்தான். பேப்பர்ஒயிட்டின் இன்றைய மாடல்களில் தமிழ் சரியாக வரும். பழைய கருவிக்கு ஒரே வழி, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் 6 அங்குல பிடிஎஃப் என்றே தனியாக வைத்திருக்கிறார்கள்; அது கிண்டில் திரைக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். ஏ4 பிடிஎஃபை இறக்காதீர்கள், எழுத்து எறும்பு அளவில் தெரியும்.

கிளம்பும் முன் என்னென்ன ஏற்றிக்கொள்ள வேண்டும்?

இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். தமிழ் எழுத்து கணினியில் ஆங்கில எழுத்தைவிடக் கூடுதல் இடம் பிடித்தாலும், இபப் என்ற மின்நூல் கோப்பு சுருக்கப்பட்டது. படமில்லாத 300 பக்க நாவல் சில நூறு கேபிக்குள் அடங்கும். நூறு நூல் ஏற்றினாலும் இடம் குறையாது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை இலவசமாக இருக்கிறது.

கிண்டிலுக்கு அனுப்ப மூன்று வழி. சென்ட் டு கிண்டில் இணையப் பக்கத்தில் 200 எம்பி வரை, மெயிலில் 50 எம்பி வரை இபப் அனுப்பலாம். யூஎஸ்பி கேபிளில் நேராகப் போட்டால் இபப்பைக் கிண்டில் காட்டாது. காலிபர் மென்பொருளில் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றிப் போட வேண்டும். கோபோவுக்கு இந்தத் தொல்லை இல்லை, இபப்பை அப்படியே விழுங்கும்.

அதே காலிபரில் ஃபெட்ச் நியூஸ் என்றொரு பொத்தான் இருக்கிறது. அன்றைய ஆங்கில நாளிதழை முழுதாகப் புத்தகமாக்கித் தரும். ஏறும் நாள் காலையில் ஓட்டினால் இரண்டு நாள் வாசிப்பு தயார். கட்டுரைகளைச் சேர்த்துவைக்க கோபோவில் முன்பு பாக்கெட் என்ற சேவை இருந்தது. அது 2025 ஜூலையில் மூடப்பட்டு, இப்போது இன்ஸ்டாபேப்பர் வந்திருக்கிறது.

போனில் கிவிக்ஸ் ஆப்பைப் போட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கிக்கொண்டால், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குக் கடல் நடுவிலும் பதில் கிடைக்கும்.

எல்லாம் ஏற்றிய பின் ஒவ்வொரு நூலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர் மட்டும் பட்டியலில் வந்து, உள்ளடக்கம் கிளவுடிலேயே நின்றிருப்பது அடிக்கடி நடப்பது. அது நடுக்கடலில்தான் தெரியவரும்.

பர்மா பஜாரில் பழைய கிண்டில் வாங்கலாமா?

பீச் ஸ்டேஷன் எதிரே கடை கடையாக ஏறி இறங்கத் தயார் என்றால் வாங்கலாம். ஆனால் காசு கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள். சீரியல் எண் பி006 அல்லது பி00ஏ என்று தொடங்கினால் கீபோர்ட் 3ஜி, பி008 என்றால் அதே மாடலின் வைஃபை மட்டும் உள்ளது. 3ஜிக்காக நூறு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கருவி இன்னொருவர் கணக்கில் பதிவாகியிருந்தால் அங்கேயே டீரெஜிஸ்டர் செய்யச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள். தொலைந்ததாகப் புகார் கொடுத்த கருவி பதிவாகாது. திரையைக் கறுப்பாகவும் வெள்ளையாகவும் பக்கம் புரட்டி, அசையாத கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இ-இங்க் திரைக்குள் விழுந்த கோடு சரியாகாது. பேட்டரி போயிருந்தால் கவலையில்லை; கீபோர்ட் மாடலின் 1750 எம்ஏஹெச் பேட்டரியை மாற்றிவிடலாம்.

2022இலிருந்து கீபோர்ட் மாடலிலிருந்தே அமேசான் கடைக்குள் போய் நூல் வாங்க முடியாது. கேபிளில் ஏற்றிப் படிக்கலாம். அந்த ஒன்றே போதும் என்பவர்கள் மட்டும் வாங்குங்கள்.

ஊரிலேயே ஒத்திகை பார்க்க முடியுமா?

அவசியம் பாருங்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில்வயர் வைஃபை இருக்கிறது. நாளொன்றுக்கு 30 நிமிடம் இலவசம். கப்பலைப் போலவே லாகின் பக்கம் வரும். இ-ரீடரில் போன் எண்ணைத் தட்டினால் ஓடிபி உங்கள் போனுக்கு வரும், அதை இ-ரீடரில் போட வேண்டும். இங்கே உள்ளே போக முடிந்த கருவி கப்பலிலும் பெரும்பாலும் போகும். இங்கேயே திணறினால் கப்பலில் அதை நம்பிப் பேக்கேஜ் வாங்காதீர்கள்.

கப்பலில் போனை என்ன செய்ய வேண்டும்?

கயிறு அவிழ்த்ததும் ஏரோப்ளேன் மோட். பிறகு வைஃபையை மட்டும் தனியாகப் போடுங்கள். கப்பலுக்குள்ளேயே ஒரு சிறு மொபைல் டவர் இருக்கும். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் வாக்கில் அதை உயிர்ப்பிப்பார்கள். திரையில் செல்லுலார் அட் சீ போன்ற பெயரோ 901 என்று தொடங்கும் எண்ணோ வந்தால் அது கப்பல் டவர்தான். உங்கள் உள்ளூர் பிளான் அங்கே செல்லாது. ரோமிங் திறந்திருந்தால், நீங்கள் எதையும் தொடாமலே ஆப்கள் பின்னால் ஓடி பில்லை ஏற்றிவிடும். விசாகப்பட்டினம், புதுச்சேரியில் நிற்கும்போது மோடை எடுத்துவிடலாம், இங்கே போட்ட ரீசார்ஜே அங்கும் ஓடும்.

அந்தமான் கப்பலுக்கும் இது பொருந்துமா?

இன்னும் கூடுதலாகவே பொருந்தும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர், இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம், போக ஏறக்குறைய 60 மணி நேரம். அது சொகுசுக் கப்பல் அல்ல. இணையத்தை எதிர்பார்த்து ஏறாதீர்கள். முழுக்க ஆஃப்லைன் என்று முடிவுகட்டி, இ-ரீடரை நிரப்பிக்கொண்டு போங்கள். இறங்கிய பின் கவலையில்லை: 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் சென்னையிலிருந்துதான் அந்தத் தீவுகளுக்குப் போகிறது.

சாட்டிலைட் போன், ஸ்டார்லிங்க் மினி எடுத்துப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். துராயா, இரிடியம் வகை சாட்டிலைட் போன்களை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். கார்மின் இன்ரீச் போன்ற சிறு கருவிகளும் இதில் அடக்கம். துறைமுகச் சோதனையில் பிடிபட்டால் பயணமே நின்றுவிடும், வழக்கும் வரும். ஸ்டார்லிங்க்கின் ஆன்டெனாத் தட்டைப் பயணிகள் கொண்டுவருவதைப் பெரிய கப்பல் நிறுவனங்களும் தடைசெய்திருக்கின்றன.

சார்ஜ் எத்தனை நாள் நிற்கும்?

வைஃபை அணைத்திருந்தால் வாரக்கணக்கில். பிரவுசரைத் தொடர்ந்து ஓட்டினால் அதே சார்ஜ் சில நாளில் இறங்கும். இறக்கியதும் ஏரோப்ளேன் மோட் போடும் பழக்கம் வேண்டும். பழைய மாடலுக்கு மைக்ரோ யூஎஸ்பி கேபிளை மறக்காமல் எடுத்துவையுங்கள், கப்பல் கடையில் அது கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சர்ஜ் புரொடெக்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பல கப்பல்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மேல்தளத்தில் படிக்கும்போது ஒரு ஜிப் கவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மழையைவிட உப்புக்காற்றுதான் சார்ஜிங் துளையை அரிக்கும், கவருக்கு மேலேயே திரை தெளிவாகத் தெரியும், தொடுதலும் வேலை செய்யும்.